அச்சிடாமல் விட வேண்டியவை

(கிண்டியில் அச்சுத் தொழில் மாணவர்களும் விளையாட்டு ஆர்வலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு. பேச்சின் போக்கை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



பகடையைப் பற்றிப் பேசச் சென்னையில் கிண்டியை விட்டால் வேறு இடம் ஏது? பக்கத்திலேயே குதிரைப் பந்தய மைதானம். 2024 செப்டம்பரில் அரசு அதைப் பூட்டி சீல் வைத்துவிட்டது. அது குத்தகைத் தகராறு, வேறு கதை. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய வழக்கு. குதிரைப் பந்தயம் குடும்பங்களைக் கெடுக்கிற சூதாட்டம் என்று சொல்லி 1974இல் தமிழக அரசு அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பானது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற போட்டி இது, இதில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமைக்கே பங்கு அதிகம், ஆகவே சூதாட்டம் ஆகாது என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு சரியா என்று இங்கே நான் வாதாடப் போவதில்லை. அந்த வழக்கின் கேள்வி மட்டும் எனக்குப் போதும். ஓர் ஆட்டத்தில் பகடைக்கு எவ்வளவு, மனுஷனுக்கு எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு நம் வீட்டுத் திண்ணையிலேயே மூன்று பதில்கள் கிடக்கின்றன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுகிற பரமபதத்தில் ஆடுபவருக்கு வேலையே கிடையாது. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டும். ஏணி வந்தால் ஏற வேண்டும், பாம்பு வந்தால் இறங்க வேண்டும். ஆடுபுலி ஆட்டம் இதற்கு நேர் எதிர். மூன்று புலி, பதினைந்து ஆடு, பகடையே கிடையாது, தோற்றால் பழி போட ஆள் கிடைக்காது. தாயம் நடுவில் நிற்கிறது. விழுவது கட்டையின் இஷ்டம். எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதை மலைக் கட்டத்தில் ஒளித்து வைப்பது என்பது நம் இஷ்டம்.

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது நான்காவது வகை. கற்பனை உலகத்தில் வேடமேற்று ஆடும் ஆட்டம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரிலாவது பார்த்திருப்பீர்கள். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் நடுவர், உலகத்தைச் சொல்கிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பலகை கட்டாயமில்லை. ஆட்டம் எப்படி நடக்கும் என்று ஒரு துளி காட்டுகிறேன்.

"கோயில் குளத்துக்கு அடியில சுரங்கம் போகுது. வாசல்ல ஒரு பூதம் குந்திக்கிட்டிருக்கு. தூங்குதா முழிச்சிருக்கான்னு தெரியல."

"நான் சத்தமில்லாம பக்கத்துல போறேன்."

"கால்ல கொலுசு போட்டிருக்கேன்னு ஆரம்பத்துலயே சொன்னியே?"

"ஐயோ, ஆமா. கழட்டிடறேன்."

"இங்கயேவா? கழட்டுற சத்தம் அதுக்குக் கேக்குமா கேக்காதா? உருட்டு."

இந்த இடத்தில்தான் பகடை உருள்கிறது. படி இறங்குவதற்கு முன்பே கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் பகடைக்கு வேலையே வந்திருக்காது. யோசித்துச் செய்தவளை உருட்டச் சொல்லக் கூடாது. இந்த ஒரு நியாயம் தெரிந்தவரே நல்ல நடுவர். எந்த நேரத்தில் உருட்டக் கூடாது என்பதை எந்தப் புத்தகத்தாலும் முழுக்க எழுதிவிட முடியாது. அதனால்தான் இந்த வகைப் புத்தகத்தைப் பதிப்பிப்பது விசித்திரமான தொழிலாக இருக்கிறது. எதை அச்சிடுவது என்பதைவிட எதை அச்சிடாமல் விடுவது என்பதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. என் பேச்சு முழுக்க இதைப் பற்றித்தான்.

1974 ஜனவரியில் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இந்த ஆட்டம் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். பெரிய பதிப்பகம் எதுவும் எடுத்துக்கொள்ளாததால் நண்பர்கள் பணம் போட்டு டிஎஸ்ஆர் என்ற பெயரில் தாங்களே அச்சிட்டார்கள். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு கையேடுகள், விலை 10 டாலர். அச்சிட்டது 1,000 பிரதி. பெட்டிகளைக் கையாலேயே அடுக்கி ஒட்டினார்கள். ஓராண்டுக்குள் அத்தனையும் தீர்ந்தது.

அந்த மூன்று கையேடுகளை இன்றைக்கு எடுத்துப் படித்தால் தலை சுற்றும். சண்டைக்கு விதி எங்கே என்று தேடினால், முன்பு வந்த 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு நூலைப் பார் என்கிறது. காட்டு வழிப் பயணத்துக்கு வரைபடம் வேண்டுமென்றால் வேறொரு கம்பெனி வெளியிட்ட 'அவுட்டோர் சர்வைவல்' பலகையை வாங்கிக்கொள் என்கிறது. நம்மூரில் ஒரு பதிப்பாளர் இப்படிச் செய்தால் புத்தகக் காட்சியில் சட்டையைப் பிடிப்பார்கள். அந்த ஓட்டைகளோ வரமாக அமைந்தன. ஊருக்கு ஊர், கல்லூரிக்குக் கல்லூரி வாசகர்களே விதிகளை இட்டு நிரப்பிக்கொண்டார்கள். திருடன் என்ற பாத்திர வகைகூட முதல் மூன்று கையேடுகளில் கிடையாது, பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

பகடையின் கதையும் இப்படித்தான். இருபது முகப் பகடைக்கு அன்றைக்கு ஏது கடை? பள்ளிக்கூடங்களுக்குக் கணிதக் கருவி விற்கிற கலிபோர்னியா நிறுவனத்திடம் வாங்கி விற்றார்கள். 1979இல் தேவை எகிறிப் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு, கிண்ணத்தில் குலுக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இங்கே இருக்கிற பேக்கேஜிங் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கிடைக்காவிட்டாலும் அட்டையைக் கொண்டு ஆட்டத்தை நடத்திவிடலாம்.

பிறகு பணம் வந்தது, பணத்தோடு பக்கமும் வந்தது. 1977இல் பூத அரக்கர் தொகுதி, 1978இல் ஆடுபவர் கையேடு, 1979இல் நடுவர் கையேடு என்று கெட்டி அட்டையில் மூன்று பெரும் புத்தகங்கள். எல்லா ஊரிலும் ஆட்டம் ஒரே மாதிரி நடக்க வேண்டும், போட்டி வைத்தால் சண்டை வரக் கூடாது என்பது கைகாக்ஸ் சொன்ன காரணம். இன்னொரு காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. புதிய நூல்கள் வேறு ஆட்டம், ஆகவே ஆர்னசனுக்கு ராயல்டி இல்லை என்றது நிறுவனம். அவர் 1979இல் வழக்குப் போட்டார், 1981இல் சமரசமானது. ஓர் ஆட்டத்துக்கு ஏன் இத்தனை விதி என்று யோசிக்கும்போது வடிவமைப்பாளரின் மேஜையை மட்டும் பார்க்காதீர்கள். வக்கீலின் மேஜையையும் பாருங்கள்.

1990களில் டிஎஸ்ஆர் ஒரு உலகம் போதாதென்று பாலைவன உலகம், பேய் உலகம், பல அண்டங்களின் உலகம் என்று அடுக்கிக்கொண்டே போனது. வாங்குகிற கூட்டம் ஒன்றுதான், அது உலகத்துக்கு ஒரு கூறாகப் பிரிந்துபோனது. விற்காமல் திரும்பி வந்த புத்தகங்கள் கழுத்தை நெரித்தன. 1997இல், சீட்டு விளையாட்டில் பணம் பார்த்திருந்த 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' அதை வாங்கிக்கொண்டது. 1999இல் அந்த நிறுவனத்தையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. கம்பெனி கை மாறிய கதையை இத்தோடு விடுகிறேன்.

நம் சாமிகள் இந்தப் புத்தகங்களுக்குள் போன கதை ஒன்று இருக்கிறது, அதை விட மனமில்லை.

1977இல் வந்த பூத அரக்கர் தொகுதியில் ராட்சசன் வருகிறான். எப்படி? புலித் தலை, பணக்காரர் வீட்டு மேலங்கி, வாயில் புகைக்கும் பைப். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். ராமாயணம் கேட்டு வளர்ந்தவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று புரியாது. ஆதாரம் அமெரிக்கப் பேய்த் தொடர் ஒன்றின் 1974ஆம் ஆண்டு அத்தியாயம் என்று சொல்வார்கள். நம்மவன் தொலைக்காட்சி வழியாக அங்கே போயிருக்கிறான். 1980இல் வந்த தெய்வங்கள் தொகுதியில் இந்திரன், அக்னி, விஷ்ணு எல்லோருக்கும் அட்டவணை போட்டார்கள். எத்தனை அடி வாங்கினால் சாவார்கள் என்ற உயிர்ப்புள்ளி உட்பட.

இது அவமதிப்பு என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. எனக்கு இது வடிவமைப்புப் பிழையாகத் தெரிகிறது. ஒரு பொருளுக்கு உயிர்ப்புள்ளி எழுதினால் ஆடுபவர் அதை வெட்டப் பார்ப்பார், அது இயற்கை. எண் என்பது அழைப்பு. சுடலைமாடனுக்கு உயிர்ப்புள்ளி எழுதி அச்சடித்து யாராவது திருநெல்வேலிப் பக்கம் விற்கப் போகட்டும், ஆட்டத்துக்கு முன்னால் அர்ச்சனை நடந்துவிடும். சுடலைமாடன் ஊர் எல்லையில் நின்றால் என்ன நடக்கும், எதற்குக் கோபம் வரும், என்ன படையல் கேட்பார் என்று மூன்று வரி எழுதினால் போதும். எண்ணை விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமான எண் ஒன்றை அறவே விட்டாக வேண்டும். பழைய டன்ஜன்ஸில் குள்ளர், எல்ஃப் என்று பிறப்புக்குத் தகுந்தபடி பலமும் அறிவும் கூடும், குறையும். அமெரிக்கர்களே இதில் சங்கடப்பட்டு ஐம்பது ஆண்டு இழுத்து, 2024 பதிப்பில் இனத்தைக் குறிக்கும் 'ரேஸ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். தமிழில் சரித்திரக் கற்பனை உலகம் படைக்கிறோம் என்று கிளம்புகிற நண்பர்கள் சிலர், குலத்துக்கு ஓர் அட்டவணை போட்டால் யதார்த்தமாக இருக்குமே என்கிறார்கள். இன்ன குலத்தில் பிறந்தால் அறிவு கூட இரண்டு, இன்ன குலத்தில் பிறந்தால் பலம் கூட ஒன்று. ஊரில் இருக்கிற பொய்க்குப் பகடை சாட்சி சொல்லவா? அந்த உலகத்தில் சாதி இருக்கலாம், அதை எதிர்த்துப் பாத்திரங்கள் சண்டை போடலாம், அது நல்ல கதை. பிறப்புக்குப் புள்ளி கொடுக்கிற அட்டவணை வேண்டாம். நம் மண்ணை ஆட்டத்துக்குள் கொண்டுவர வேறு வழி உண்டு. எழுத்தாளர் மிமி மண்டல் 2022இல் டன்ஜன்ஸின் 'ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்புக்காக எழுதிய மணிவர்ஷா சாகசத்தைத் தேடிப் படியுங்கள். வங்காளத்து ஆறும் பாட்டும் அந்த உலகத்துக்குள் எப்படி வந்திருக்கின்றன என்று பார்க்கலாம்.

உலகத்தை எவ்வளவு எழுதுவது என்ற கேள்விக்கு இன்னொரு பழைய உதாரணம் உண்டு. எம்.ஏ.ஆர். பார்க்கர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்தவர், உருது, பலூச்சி மொழி வல்லுநர். 1975இல் டிஎஸ்ஆர் அவருடைய டெகுமெல் உலகத்தை 25 டாலர் பெட்டியாக வெளியிட்டது. டன்ஜன்ஸின் விலையைப் போல இரண்டரை மடங்கு. ஐரோப்பியக் கோட்டை கிடையாது, குதிரை கிடையாது, அந்த உலகத்துக்கென்று தனி மொழி, தனி இலக்கணம். அறிவாளிகள் கொண்டாடினார்கள். ஆடியவர்கள் குறைவு. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று நடுவரே பயப்படுகிற உலகத்தில் எப்படி ஆடுவது? பார்க்கர் புனைபெயரில் நவ நாஜி நாவல் ஒன்று எழுதியவர் என்பது அவர் இறந்த பிறகு, 2022இல் உறுதியானது. அதன் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

ஆங்கிலம் பேசாத நாடுகள் என்ன செய்தன? நமக்குப் பாடம் அங்கேதான். ஜெர்மனியில் 1984இல் ஷ்மிட் என்ற பொம்மை, விளையாட்டுக் கம்பெனியும் ஒரு புத்தகப் பதிப்பகமும் கைகோத்து 'டாஸ் ஷ்வார்ட்ஸே ஆகே' என்ற சொந்த ஆட்டத்தைப் பொம்மைக் கடைகளில் இறக்கின. ஜெர்மன் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் அதுதான் ஆட்டம், டன்ஜன்ஸ் இரண்டாம் பட்சமாகவே இருந்தது. ஸ்வீடனில் 1982இலேயே சொந்த மொழியில் 'டிராகர் ஓக் டெமோனர்' வந்துவிட்டது.

எல்லாவற்றையும் விட ஜப்பான் கதைதான் எனக்குப் பிடித்தது. அங்கே டன்ஜன்ஸின் பெட்டி 1985இல் ஜப்பானிய மொழியில் வந்தது. மறு ஆண்டு 'காம்ப்டிக்' என்ற கணினிப் பத்திரிகை, குரூப் எஸ்என்இ என்ற நண்பர் குழு ஆடிய ஆட்டத்தை அப்படியே உரையாடலாகத் தொடர் போட்டது. யார் என்ன சொன்னார், எங்கே சொதப்பினார், பகடை எப்படிக் கவிழ்த்தது, எல்லாம் அதில் உண்டு. வாசகர்கள் அதைத் தொடர்கதை போலப் படித்தார்கள். நடுவராக இருந்த ரியோ மிசுனோ பிறகு அதை நாவலாக்கினார், அது கார்ட்டூன் படமாகவும் வந்தது. 'லோடோஸ் தீவுப் போர்' என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். 1989இல் அதே குழு 'ஸ்வோர்ட் வேர்ல்ட்' என்ற சொந்த ஆட்டத்தை வெளியிட்டது. பெட்டி இல்லை. சட்டைப் பையில் வைக்கிற பாக்கெட் புத்தகம், பள்ளிப் பிள்ளையின் கைச்செலவில் வாங்கலாம். இருபது முகப் பகடை வேண்டாம், எந்த வீட்டிலும் கிடைக்கிற ஆறு முகப் பகடை இரண்டு போதும்.

இதில் மூன்று முடிவுகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதைக் கவனியுங்கள். முதலில் ஆட்டத்தைக் கதையாகப் படிக்க வைத்தார்கள், பிறகு மலிவு விலையில் விற்றார்கள், வீட்டில் இருக்கிற பகடையையே பயன்படுத்தினார்கள். மூன்றும் தமிழுக்குப் பழக்கமானவை. வாரப் பத்திரிகைத் தொடரில் வளர்ந்த சமூகம் இது. பேருந்து நிலையத்தில் பாக்கெட் நாவல் வாங்கிய சமூகம். வேதாளக் கதையை 'அம்புலிமாமா'வில் மாதா மாதம் படித்த சமூகம். வடபழனியிலிருந்து வந்த அந்தப் பத்திரிகையில் சங்கரின் ஓவியத்தில் விக்கிரமன் தோளில் பிணத்தைச் சுமந்து நடப்பான். அந்தக் கதையை வடிவமைப்பாளர் கண்ணோடு பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரம் ஏறும். எந்தப் பக்கம் போனாலும் விலை கொடுக்க வேண்டும், ஆனாலும் முடிவெடுத்தே தீர வேண்டும். நல்ல சாகசக் காட்சிக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம் வீட்டுப் பகடைக்கு வருகிறேன். மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் கிடைக்கிற பித்தளைத் தாயக்கட்டை. நீளக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம், புள்ளிகள் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் வரக்கூடிய சேர்க்கைகள் 16. இரண்டிலும் வெறுமை விழுந்தால் அது பூஜ்யம் அல்ல, 12. இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத வடிவமைப்பாளரை நான் கும்பிடுகிறேன். கையில் ஒன்றுமே இல்லாதவன் கையில் எல்லாம்.

கணக்கைப் பார்ப்போம். 12 விழ 16இல் 1 வாய்ப்பு. தாயம், அதாவது 1 விழ 2. இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. நடுவில் மேடு, ஓரங்களில் சரிவு. இருபது முகப் பகடை அப்படி இல்லை, எந்த எண்ணுக்கும் நூற்றுக்கு 5தான், சமதரை. அங்கே திறமைக்கு ஒரு புள்ளி கூட்டினால் எப்போதும் 5 விழுக்காடுதான் கூடும். தாயக்கட்டையில் அந்த ஒரு புள்ளி எங்கே கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். நான்கு அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் 12ஐயும் சேர்த்து 16இல் 7. ஒரு புள்ளி கூட்டி மூன்று போதும் என்றால் 16இல் 11. ஒரே புள்ளிக்கு 25 விழுக்காடு ஏற்றம்! ஆகவே தாயக்கட்டை ஆட்டத்தில் திறமைப் படிகள் இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. அமெரிக்கப் புத்தகத்தில் இருப்பது போல இருபது நிலை, நிலைக்கு ஒரு புள்ளி என்று ஏற்றிக்கொண்டே போனால் மூன்றாவது படியிலேயே பகடைக்கு அர்த்தம் போய்விடும். புத்தகம் தானாக ஒல்லியாகும் என்பது இதில் கிடைக்கிற கூடுதல் லாபம்.

இங்கே ஒரு சிக்கல் முளைக்கிறது, அதுதான் சுவாரசியம். கணக்குப்படி தாயம் மிகச் சிறிய எண், ஆகவே தோல்வி. தமிழ் வீட்டில் உட்கார்ந்து தாயம் விழுந்தால் தோல்வி என்று சொல்லிப் பாருங்கள். தாயம் விழுந்தால் பாட்டி கை தட்டுவார், பேரன் குதிப்பான். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்கவே முடியாது. அந்த உணர்ச்சியை ஒரு புத்தகம் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அதனால் நான் முன்வைப்பது இது. தாயம் விழுந்தால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, புதிதாக ஒன்று ஆட்டத்துக்குள் இறங்குகிறது. கொலுசு கழற்றிய பெண்ணுக்குத் தாயம் விழுந்தால் பூதம் விழிக்காது. இருட்டிலிருந்து இன்னொரு குரல் கேட்கும், "யாரும்மா அது, நீயும் மாட்டிக்கிட்டியா?" என்று. அந்தக் குரல் யாருடையது என்பதை நடுவர் அந்த நிமிஷத்தில் முடிவு செய்வார். புத்தகம் சொல்லாது.

கையால் வார்த்த கட்டை நான்கு பக்கமும் சமமாக விழுமா என்று பின் வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. விழாதுதான், கொஞ்சம் முன்பின் இருக்கும். சீட்டாட்ட கிளப்புக்கு அது ஆகாது. நம் ஆட்டத்தில் பணம் கட்டுவதில்லை, போகட்டும்.

அச்சுக்கு வருகிறேன், இங்கே நிறையப் பேருக்கு அதுதான் படிப்பு. பெட்டியா புத்தகமா என்ற முடிவை முதலில் எடுங்கள். நம் நாட்டில் அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, பலகை விளையாட்டுக்கு உண்டு. கட்டையைப் பெட்டிக்குள் போட்டால் வரி, எடை, தபால் செலவு மூன்றும் ஏறும். கட்டையை வாசகர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், நாம் புத்தகம் மட்டும் விற்போம். 16 பக்க ஃபாரம் நான்கு, மொத்தம் 64 பக்கம். அதற்கு மேல் முதல் பதிப்பில் ஒரு பக்கம்கூட வேண்டாம்.

தையல் கட்டு போடுங்கள். இந்தப் புத்தகத்தை யாரும் கையில் பிடித்துப் படிப்பதில்லை, மேஜையில் மல்லாக்கத் திறந்து கிடக்கும், மேலே மிக்சர் கொட்டும், ஒரே பக்கத்தை நூறு தடவை புரட்டுவார்கள். வெறும் கோந்து ஒட்டினால் இரண்டாம் மாதம் இதழ் இதழாக உதிரும். டிஎஸ்ஆர் 1985இல் வெளியிட்ட 'அன்எர்த்ட் ஆர்கானா' பக்கம் கழன்று விழுவதற்கே பேர் போன புத்தகம். உள்ளே வடிவமைப்பில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் தேவைப்படுகிற எதுவும் பக்கம் திருப்பினால்தான் தெரியும் என்று இருக்கக் கூடாது. திறந்த இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும். 2019இல் கேவின் நார்மன் வெளியிட்ட 'ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' இதை ஒழுங்காகச் செய்த புத்தகம். பழைய விதிகள்தான், அடுக்கிய விதத்துக்காகவே விற்றது. ஆங்கில நூலைப் பார்த்து மூன்று பத்தி அட்டவணை போடாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், குறுகிய பத்தியில் வரிக்கு ஒரு சொல் நின்று, அதுவும் உடைந்து தொங்கும்.

பணத்துக்கு என்ன வழி? வெளிநாட்டில் கிக்ஸ்டார்ட்டர் என்கிறார்கள். வாசகரிடம் முன்பணம் வாங்கிப் புத்தகம் போடுவது நமக்குப் புதிதா? சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. கடை விற்பனையை மட்டும் நம்பாமல் சந்தாவையும் முன்பதிவையும் வைத்தே இன்றும் அவை வருகின்றன. என்ன கதை வரப்போகிறது என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்கிறார், வாசகர் சண்டை போடுகிறார், பிறகு பணமும் கட்டுகிறார். வேடமேற்று ஆடும் ஆட்டத்துக்கு வேண்டிய வாசகர் வட்டம் ஏறக்குறைய இதே அளவு, இதே குணம். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு பிரதியில் தொடங்கலாம். அரசு நூலகங்களின் கொள்முதல் ஆணையை நம்பி இறங்க வேண்டாம்.

கடைசியாகச் சட்டம். இதையெல்லாம் செய்தால் அமெரிக்கக் கம்பெனி வழக்குப் போடாதா என்று கேட்பார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள் ஒரு பழைய சொல்விளையாட்டுப் பலகையை ஒட்டி 'ஸ்க்ராபுலஸ்' என்ற இணைய ஆட்டத்தை நடத்தியபோது, அந்தப் பலகைக்கு உரிமை கொண்டாடிய மாட்டெல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008இல் வந்த உத்தரவில், ஆட்டப் பலகைக்கும் விதிக்கும் காப்புரிமை கோர முடியாது என்றும், ஆனால் பெயர் வணிகக் குறியீடு, அதை ஒட்டிய பெயரை வைக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. அவர்கள் பெயரை மாற்றி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். நமக்கும் அதுவே வழி. ஆட்டத்தின் இயக்கத்தை எடுக்கலாம். பெயரையும் எழுதியிருக்கிற வாசகத்தையும் எடுக்கக் கூடாது.

வாசகத்தையும் எடுக்க ஒரு கதவு திறந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் விசார்ட்ஸ் நிறுவனம் டன்ஜன்ஸின் அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமம் கொடுத்தது. அதை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பதிப்பாளர்கள் பிழைத்தார்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள், 7,50,000 டாலருக்கு மேல் வரவு உள்ளவர்களிடம் அந்த மேல்தொகையில் 25 விழுக்காடு கேட்கப் போகிறார்கள் என்ற வரைவு வெளியே கசிந்தது. வாசகர்கள் கொதித்தார்கள், அந்த நிறுவனத்துக்குக் கட்டிவந்த இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. பின்வாங்கியதோடு நிற்காமல் 400 பக்கத்தை ஒட்டிய அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டது. திரும்பப் பெற முடியாத உரிமம் அது. நன்றி வரி ஒன்று போட்டால் போதும், யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் அவர்களே மொழிபெயர்ப்பும் வெளியிட்டார்கள்.

தமிழில் அந்த 400 பக்கத்தையும் கொண்டுவர ஒரு குழு உட்கார்ந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். அதிலிருந்து நமக்கு வேண்டியவை சில மந்திரங்கள், சில பூதங்கள், காயம் ஆறும் முறை, இவ்வளவுதான். ஆறேழு பக்கத்துக்கு மேல் போகாது. மீதி இடத்துக்கு நமக்குச் சொந்தச் சரக்கு கிடக்கிறது. இதே கிண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு நடுவில் வெளிமான் மேய்கிற காடு, அதை ஒட்டி ஆளுநர் மாளிகை, 2024இல் பூட்டிய பந்தய மைதானம், 1958இல் தொடங்கிய தொழிற்பேட்டையின் மூடிய பட்டறைகள். ஒரு சாகசத்துக்கு இதைவிட நல்ல வரைபடம் எதற்கு? இடங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அங்கே யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். மான் ராத்திரியில் ஏன் பேசுகிறது என்பதை எழுதாதீர்கள், அது நடுவர் பாடு.

கேள்வி நேரம் இருக்கிறது என்றார்கள். கட்டை இரண்டு ஜோடி கொண்டுவந்திருக்கிறேன். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம், ஆட விரும்புகிறவர்கள் அந்த நீள மேஜைக்கு வாருங்கள். நடுவராக உட்கார எனக்கு ஓர் ஆள் வேண்டும், விதி தெரியாதவராக இருந்தால் நல்லது.